சுதந்திரச் செய்தியைத் தமிழில் சொன்ன குரல்



'மகாநதி' படத்தில் சிறைக்குள் கமலுக்குத் துணையாக இருக்கும் அந்தப் பெரியவர் யார் சார் என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. சரித்திரப் பாடம் நடத்தியவனுக்கு அது வெறும் சினிமாப் பெயர் அல்ல. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பூர்ணம் விஸ்வநாதன். 1921-இல் பிறந்தவர். திருநெல்வேலிப் பக்கத்து எழுத்தாளர் குடும்பம். 'முள்ளும் மலரும்' நாவலை எழுதிய உமாசந்திரன் இவருடைய சகோதரர். ரஷ்ய இலக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த பூர்ணம் சோமசுந்தரம் இன்னொரு சகோதரர். ஒரே வீட்டில் ஒருவர் கதை எழுதினார், ஒருவர் மொழிபெயர்த்தார், விஸ்வநாதனோ தமிழைக் குரலால் வளர்த்தார்.

1945-இல் டெல்லி அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் சேர்ந்தார். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தி முதலில் ஆங்கிலத்தில் தயாராகி வரும். அதைத் தமிழாக்குவதும் வாசிப்பவரின் வேலைதான். நேரமோ கொஞ்சம். ஆட்சி, அரசியல் சட்டம், பிரிவினை என்று நாளுக்கு நாள் புதிய சங்கதிகள். ஒவ்வொன்றுக்கும் பாமரருக்கும் புரியும் தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும். பிறகு ஒலிவாங்கி முன் உட்கார்ந்து நேரடியாக வாசிக்க வேண்டும். நாக்கு பிறழ்ந்தால் அது அப்படியே நாடு முழுவதும் போய்விடும்.

1947 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. முந்தைய இரவு அரசியல் நிர்ணய சபையில் நேரு ஆற்றிய உரையை நம் பாடப் புத்தகங்களெல்லாம் சொல்லும். ஆனால் அந்த உரை ஆங்கிலத்தில் இருந்தது. விடியற்காலை 5.30 மணிக்கு, இந்தியா சுதந்திரம் அடைந்துவிட்டது என்ற செய்தியைத் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். அப்போது அவருக்கு வயது 25.

அன்று சுதந்திர இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் ஆறுதான். அவற்றில் சென்னை, திருச்சி இரண்டும் தமிழ் நிலப்பரப்பில் இருந்தன. நம் பகுதி அப்போது சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல். ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் கேட்டதைப் பத்துப் பேரிடம் சொல்லித்தான் செய்தி கிராமங்களுக்குப் பரவிய காலம் அது. நேருவின் உரையை மனப்பாடம் செய்யச் சொன்ன நாம், அந்தச் சேதியைத் தாய்மொழியில் சொன்னவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

செய்தி வாசிப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. செய்திதான் முன்னால் நிற்க வேண்டும், வாசிப்பவர் பின்னால் நிற்க வேண்டும். பின்னாளில் அவர் நடிப்பைப் பார்த்தபோதெல்லாம் அந்தக் கட்டுப்பாடுதான் என் கண்ணில் பட்டது. மத்திய அரசின் 'திட்டம்' இதழிலும் பணியாற்றிய அவர், சென்னையில் 'பூர்ணம் நியூ தியேட்டர்' நாடகக் குழுவை நடத்தினார். எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். 'ஊஞ்சல்', 'கடவுள் வந்திருந்தார்' இரண்டும் புகழ் பெற்றவை. இரண்டாவது நாடகத்தில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். வீட்டார் அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிரிக்க வைக்கும் நாடகம்தான். ஆனால் ஓய்வு பெற்றவன் பேச்சை வீட்டில் யார் கேட்கிறார்கள் என்ற கேள்வி உள்ளே இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு அது நன்றாகவே புரியும்!

சினிமாவில் அவர் பரவலாகத் தெரிய ஆரம்பித்தபோது வயது அறுபதை நெருங்கிவிட்டது. 1980-இல் 'வறுமையின் நிறம் சிகப்பு'. மகனைத் தேடி டெல்லிக்கு வரும் தந்தை, அவன் முடிதிருத்தும் கடையில் வேலை செய்வதைக் கண்டு அதிர்ந்து போகிறார். டெல்லியிலேயே பல காலம் வாழ்ந்தவர், அந்த ஊருக்கே புதியவராக நடித்திருப்பார். 'மூன்றாம் பிறை'யில் பள்ளித் தலைமையாசிரியர். 'வருஷம் பதினாறு' படத்தில் பெரிய குடும்பத்தின் தாத்தா. 'மகாநதி'யில் பக்தியும் பொறுமையும் நிறைந்த சிறைவாசி. எந்தப் படத்திலும் கதாநாயகனை முந்திக்கொண்டு நிற்க மாட்டார். ஆனாலும் படம் முடிந்த பிறகு அந்த முகம் மனதில் இருக்கும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 1990-இல் வந்த 'கேளடி கண்மணி'. அதில் ராதிகாவின் தந்தையாக வருவார். காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் நம் கதி என்ன என்ற பயத்தைச் சொற்களே இல்லாமல் காட்ட வேண்டும். ஒரு தேசத்தின் விடுதலையைச் சொன்ன குரலுக்கு அந்தப் படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. அதிலும் அவர் தேறினார். குரலை நம்பிப் பிழைத்தவர், அந்தக் குரலைக் கீழே வைத்துவிட்டும் நடிக்கத் தெரிந்தவராக இருந்தார். பல்துறைத் திறமை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அது இதுதான் என்பேன்.

2008 அக்டோபர் 1-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

இதை எழுதியதற்கு இரண்டு காரணங்கள். உங்கள் பிள்ளைகளைத் தினமும் பத்து நிமிடம் தமிழ் நாளிதழை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். மதிப்பெண்ணுக்காக இல்லை. நாளை ஊருக்கு ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டி வந்தால், திருத்தமாகச் சொல்ல ஒரு பிள்ளை வேண்டாமா?

இரண்டாவது, இந்த ஆண்டு பணி ஓய்வு பெறும் என் மாணவர்களுக்கும் தம்பி, தங்கைகளுக்கும். நாம் அறிந்த பூர்ணம் விஸ்வநாதன் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டித் தொடங்கியவர். கொஞ்சம் யோசியுங்கள்.

அவருடைய நாடகத்தை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்