வினைவேகமும் வேதிச் சமநிலையும்: பொன்முடி முதல் கொச்சுவேளி வரை

ஒரு வேதிவினை எவ்வளவு விரைவாக நடக்கும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தூரம் நடந்து நிற்கும் என்பது வேறு கேள்வி. முன்னது வினைவேகம், பின்னது சமநிலை. சூடு ஏறினால் வேகம் கூடும். சமநிலை அதற்கு எதிர்ப்பக்கமே சாயலாம். வேதித்தொழிலின் பாதிச் சிக்கல் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் வேகத்தின் கதையைப் பொன்முடித் தேயிலையிலும், சமநிலையின் கதையைக் கொச்சுவேளிக் கடலோரத்து அமில ஆலையிலும் காணலாம்.

வேதிவினை பின்னோக்கியும் நடக்கும் என்ற எண்ணம் எகிப்தில் பிறந்தது. நெப்போலியன் படையெடுப்போடு 1798இல் அங்கே போன வேதியியலர் பெர்தொலே, உப்பேரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்து கிடப்பதைக் கண்டார். நம் ஊரில் வெள்ளாவி வைக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் இருக்கும் காரமும் அதுவே. சோதனைச்சாலையில் ஒரு திசையில் நடக்கும் வினை, உப்பும் சுண்ணாம்புக்கல்லும் அளவின்றிக் கிடக்கும் இடத்தில் எதிர்த்திசையில் நடந்திருப்பதை அவர் புரிந்துகொண்டார். பொருளின் அளவும் வினையின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது அன்று பெரிய செய்தி.

1850இல் வில்ஹெல்மி, அமிலத்தில் சர்க்கரை சிதையும் வேகத்தை அளந்தார். 1864இல் நார்வேயின் குல்ட்பர்க்கும் வாகேயும் செறிவுக்கும் வினைக்கும் உள்ள தொடர்பை விதியாக்கினர். 1884இல் வான்ட் ஹாஃபின் நூலும் லே சாட்லியேயின் கொள்கையும் வந்தன: சமநிலையிலுள்ள அமைப்பின் நிலைமையை மாற்றினால், அம்மாற்றத்தைத் தணிக்கும் பக்கமாக அது நகரும். வெப்பநிலை உயர உயர வேகம் ஏன் மடங்கு மடங்காகப் பெருகுகிறது என்பதை 1889இல் அர்ரீனியஸ் விளக்கினார்.

பொன்முடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். கல்லாறு தாண்டி 22 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் மூடுபனி. சமவெளியைவிட ஆறேழு டிகிரி குளிர்ச்சி. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தபின், தென்னிந்திய மலைகளில் தேயிலை பரவியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் லயங்களில் தங்கிக் கொழுந்து பறித்தன. அவர்கள் பறித்துப் போட்ட கொழுந்துக்குள் நடப்பதோ மிக நுட்பமான வேதியியல்.

பச்சைக் கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டிய பிறகு உருட்டினால் அல்லது நறுக்கினால் இலையின் செல்கள் உடையும். அதுவரை தனித்தனியே இருந்த கேட்டிச்சின் என்னும் சேர்மங்களும் நொதியும் கலக்கும், காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரும், பச்சை செம்பாகும். ஆலைகளில் இதை நொதித்தல் என்பார்கள். உண்மையில் இது நுண்ணுயிர் வேலையன்று, ஆக்சிஜனேற்றம். அசாமில் பணியாற்றிய ஹரால்ட் மான் 1900களின் தொடக்கத்திலேயே இதில் நொதியின் பங்கை ஆராய்ந்தார். 1950களில் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர், விளைபொருள்களைப் பிரித்துக் காட்டினார்: சாயத்துக்குப் பொன்னிறப் பளபளப்பும் சுறுசுறுப்பும் தரும் தியாஃப்ளேவின்; ஆழ்ந்த நிறமும் கனமும் தரும் தியாரூபிஜின்.

தியாஃப்ளேவின் முதலில் கூடி, ஒரு உச்சம் தொட்டு, பிறகு தியாரூபிஜினாக மாறிக் குறைகிறது. சூடு ஏறினால் இரண்டு வினைகளும் விரையும். ஆனால் பின்னது முந்திக்கொள்ள, பளபளப்பு போய் நிறம் மட்டும் மிஞ்சும். குளிர்ந்த மலைக்காற்றில் உச்சம் மெதுவாக வருவதால் அதைப் பிடிக்க அவகாசம் கிடைக்கிறது. மலைத் தேயிலையின் பெருமையில் மண்ணுக்கும் செடிக்கும் உள்ள பங்கு தெரிந்ததே. இந்த நிதானத்துக்கும் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும் என்பேன். சரியான நேரத்தில் இலையை 90 முதல் 100 டிகிரி வெப்பக்காற்றில் விட்டால் நொதி செயலிழக்கும், ஈரம் 3 சதவீத அளவுக்கு இறங்கும். இங்கே யாரும் சமநிலைக்குக் காத்திருப்பதில்லை. பாதி வழியில் வினையை நிறுத்துவதே தேயிலைக்காரரின் கலை.

கொச்சுவேளியில் நிலைமை தலைகீழ். சித்திரைத் திருநாள் மன்னர் காலத்தில், 1946இல் தொடங்கிய திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம், கடற்கரை மணலின் இல்மனைட்டிலிருந்து வெண்ணிறமி செய்கிறது. அதற்குக் கந்தக அமிலம் ஏராளமாக வேண்டும். கந்தக டைஆக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்து டிரைஆக்சைடு ஆவது வெப்பம் உமிழும் வினை. ஆகவே சூடு கூடினால் சமநிலை பின்வாங்கும். குறைத்தால் வினை நகரவே நகராது. பிரிஸ்டல் நகரக் காடி வணிகர் பெரெகிரின் ஃபிலிப்ஸ் 1831இலேயே பிளாட்டினத்தை வினையூக்கியாக்கிக் காப்புரிமை பெற்றார். அது தொழிலாக நிலைபெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பிளாட்டினத்தின் இடத்துக்கு வனேடியம் பென்டாக்சைடு வந்த பின் 400 முதல் 450 டிகிரியில் சமரசம் கிட்டியது. வினையூக்கி சமநிலையைத் தொடுவதில்லை. சமநிலைக்கு விரைந்து கொண்டுபோகிறது, அவ்வளவே. பள்ளிப்பாடத்தில் பலர் தடுமாறும் இடம் இது.

ஒவ்வொரு வினையூக்கி அடுக்குக்குப் பின்னும் வாயுவைக் குளிர்வித்து அடுத்த அடுக்குக்கு அனுப்புவது இத்தொழிலின் பொது முறை. 1960களில் பேயர் நிறுவனம் இன்னொரு வழி கண்டது: உருவான டிரைஆக்சைடை நடுவழியில் உறிஞ்சி எடுத்துவிட்டால், மீதமுள்ள வாயு மீண்டும் முன்னோக்கி வினைபுரியும். இதனால் மாற்றம் 98 சதவீதத்திலிருந்து 99.5க்கு மேல் போனது. சிறிய வேறுபாடாகத் தெரியும். புகைபோக்கி வழியே ஊர்க்காற்றில் கலக்கும் கந்தகம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்று பார்த்தால்தான் அதன் பெறுமதி விளங்கும்.

இரண்டு கேள்விகளும் ஒரே பாத்திரத்தில் சேர்வதைப் பொன்முடி அடுப்புகளில் காணலாம். எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பது சமநிலையின் கேள்வி: நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது நீர் கொதிக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே சுமார் 96 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். எவ்வளவு விறகு திணித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் ஏறாது. சூடு குறைந்தால் வினைவேகமும் குறையும், அதனால் பருப்பு வேகக் கூடுதல் நேரமாகும். குக்கரை மூடி வெயிட் போட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், கொதிநிலை 120 டிகிரியை நெருங்கும், பருப்பு சில விசிலில் வெந்துவிடும்.