கிட்டார் கட்டுப்படுத்தியும் சிறப்புச் சுரக்குறிகளும்

கிட்டார் கட்டுப்படுத்தி என்பது தாள நிகழ்பட ஆட்டங்களை ஆடுவதற்காகக் கிட்டார் வடிவில் செய்யப்பட்ட கருவியாகும். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999 இல் வெளியிட்ட 'கிட்டார் ஃபிரீக்ஸ்' ஆட்டத்தில் மூன்று வண்ணப் பொத்தான்களும் மீட்டுவதற்கு ஒரு நெம்புகோலும் இருந்தன. அமெரிக்காவின் ஹார்மோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கி 2005 இல் வெளிவந்த 'கிட்டார் ஹீரோ' பொத்தான்களை ஐந்தாக்கியது. திரையில் வரும் குறியின் வண்ணத்துக்குரிய பொத்தானை அழுத்தியபடி மீட்டுவதே அடிப்படை விதி.

சிறப்புச் சுரக்குறிகள் உண்மையான வாசிப்பு நுட்பங்களைத் தழுவியவை. கம்பியை மீண்டும் மீட்டாமல் விரலைத் தட்டியோ விடுவித்தோ ஒலி எழுப்பும் நுட்பம், மீட்டாமலே வாசிக்கும் குறியாயிற்று. விரல் வைக்காத வெறுங்கம்பியின் ஒலி, 2008 இல் வந்த 'கிட்டார் ஹீரோ வேர்ல்டு டூர்' ஆட்டத்தின் பேஸ் பகுதியில், பொத்தான் எதையும் அழுத்தாமல் மீட்டும் குறியாயிற்று. 'ராக் பேண்ட் 3' ஆட்டத்துக்கான ஒரு கருவியில் 17 மெட்டுகளுக்கும் 6 கம்பிகளுக்குமாக 102 பொத்தான்கள் இருந்தன.

2015 இல் வந்த 'கிட்டார் ஹீரோ லைவ்' இரு வரிசைகளில் ஆறு பொத்தான்களைக் கொண்டிருந்தது. பழைய கருவிகள் அதற்குப் பொருந்தவில்லை. அதன் இணையவழிச் சேவை 2018 டிசம்பரில் நிறுத்தப்பட்டபின் வட்டிலிருந்த 42 பாடல்களே எஞ்சின. கிட்டாரின் கம்பி அறுந்தால் வேறு கம்பி மாட்டலாம். இக்கருவியின் ஆயுளோ ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.