நிலச்சம்பங்கி கடல் கடந்த வரலாறு

வடசென்னையிலுள்ள திருவொற்றியூர் பழம்பெருந் தலம். அங்குச் சங்கிலியார் இறைவனுக்கு மாலை தொடுத்து வந்ததையும், சுந்தரர் அவரைக் கண்டு மணந்ததையும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் கூறுகின்றது. இன்று தமிழகக் கோயில் வாயில்களில் விற்கும் மாலைகளில் வெண்ணிற நிலச்சம்பங்கி மிகுதியாகக் காணப்படுகின்றது. ஆயினும் சங்கிலியார் இம்மலரைக் கண்டிருக்க இயலாது. ஏன்?

இதன் தாயகம் மெக்சிகோ. கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கப் பகுதியை அடைந்தார். 1521-இல் ஸ்பானியர் மெக்சிகோவின் தலைநகரைக் கைப்பற்றினர். அதன் பின்னரே இம்மலர் ஐரோப்பாவிற்கும் கீழை நாடுகளுக்கும் பரவிற்று. மரத்திற் பூக்கும் சண்பகத்தை நம்மவர் முன்பே அறிவர். அதன் பெயரையே நிலத்திற் பூக்கும் இப்புது மலருக்கும் வழங்கித் தமதாக்கிக் கொண்டனர்.

மென்மையான செடி நெடுங்கடலை எவ்வாறு கடந்தது? செடியாகக் கடக்கவில்லை, கிழங்காகக் கடந்தது. இலைகள் காய்ந்தபின் கிழங்கு உணவைத் தன்னுள் சேமித்து உறங்குகின்றது. தோண்டி உலர்த்தி வைத்தால், மண்ணும் நீரும் இன்றியே பல வாரங்கள் உயிரோடிருக்கும். கப்பற் பயணத்திற்கு இதனினும் ஏற்ற வடிவம் வேறு உண்டோ?

தாய்க்கிழங்கைச் சுற்றிச் சிறு கிழங்குகள் தோன்றுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை நெருங்கி ஒன்றன் உணவை மற்றொன்று பறிக்க, பூ குறைகின்றது. அப்பொழுது தூரைத் தோண்டி, மண்ணை உதறி, கிழங்குகளைக் கையாற் பிரித்துச் சில வாரங்கள் நிழலில் உலர்த்துவர். பருத்தவற்றை ஆனி, ஆடி மாதங்களில் நடுவர். சிறியவை பூக்கக் காலம் பிடிக்குமாதலின் தனிப்பாத்தியில் வளர்ப்பர். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். எண்ணூர் போன்ற கடற்கரை மணலில் நீர் எளிதில் வடியும். ஆனால் தொழு உரம் சேர்க்க வேண்டும். உவர்நீரை விலக்க வேண்டும்.

அடுக்குச் சம்பங்கி விதை தருவதில்லை. ஒற்றைச் சம்பங்கியும் அரிதாகவே தரும். பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பிரஜ்வல் போன்ற புதுவகைகளும் கிழங்குகளாகவே உழவரை அடைகின்றன. ஆகவே, நாம் காணும் செடி பெரும்பாலும் முன்னொரு செடியின் துண்டே. ஒரு தலைமுறை தோண்டிப் பிரித்து நட மறந்திருப்பின், அத்தொடர் அற்றிருக்கும். அதனை அறாது காத்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வேந்தரின் போர்கள் மட்டுமா வரலாறு? மண்ணைக் கிளறிய அந்தக் கைகளின் உழைப்பும் வரலாறே.