சராசரியாக இருக்கவும் உரிமை வேண்டும்

1959 ஜூலை 21 அன்று, சிகாகோவில் நடந்த ஆட்டத்தில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்காக 25 வயது பம்ப்சி கிரீன் களமிறங்கினார். அந்த அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. 16 மேஜர் லீக் அணிகளில் கடைசியாகக் கதவைத் திறந்தது ரெட் சாக்ஸ்.

திறமையான கறுப்பர்கள் கிடைக்கவில்லையா? 1945 ஏப்ரலில் இதே அணி, அரசியல் நெருக்கடியால் மூன்று கறுப்பின வீரர்களை வரவழைத்து ஆடவைத்துப் பார்த்தது. மூவரையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருவர் ராபின்சன். இன்னொருவர் சாம் ஜெத்ரோ. பிறகு வேறு அணிகளில் சேர்ந்த இருவருமே, 1947இலும் 1950இலும், ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார்கள். ஆக, குறை தகுதியில் இல்லை.

1959 பயிற்சி முகாமின்போது அணியினர் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் தங்கினார்கள். கிரீனுக்கு அங்கே இடமில்லை. ஃபீனிக்ஸில் தனியாகத் தங்கினார். ஊர், சேரி என்ற பிரிவினையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகாமில் நன்றாக ஆடியும், சீசன் தொடங்குமுன் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. போராடியது. மாசசூசெட்ஸ் மாநிலப் பாகுபாடு எதிர்ப்பு ஆணையம் விசாரித்தது. அதன் பிறகுதான் ஜூலையில் அழைப்பு வந்தது.

கிரீன் நட்சத்திர வீரர் அல்ல. இன்ஃபீல்டராக, பெரும்பாலும் இரண்டாவது பேஸைக் காத்தார். ஐந்து சீசன்கள், 344 ஆட்டங்கள், 13 ஹோம் ரன்கள். 1963இல் நியூயார்க் மெட்ஸுடன் அவரது மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. பிறகு கலிபோர்னியாவில், பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்தார். 2019இல் மறைந்தார்.

வரலாறு ராபின்சன்களை எளிதாகக் கொண்டாடிவிடுகிறது. அசாத்தியத் திறமை இருந்தால் மட்டுமே உள்ளே வரலாம் என்பதும் ஒரு தடைதான். ரெட் சாக்ஸில் சராசரி வெள்ளை வீரர்கள் எத்தனையோ பேர் ஆடிப் போனார்கள். அவர்களிடம் யாரும் தகுதிச் சான்று கேட்கவில்லை.

இட ஒதுக்கீட்டில் வந்த மாணவர் ஒரு தாளில் தவறினால் அவரது சாதியே தேர்வில் தோற்றதாகப் பேசுகிறார்கள். பக்கத்து இருக்கை மாணவர் தவறினால் அது அவருடைய தோல்வி மட்டும். தோழர்களே, நம்மில் ஓர் அம்பேத்கர் வருவது பெருமை. ஆனால் நம் பிள்ளைகள் சராசரி மதிப்பெண் வாங்கியும் தலைநிமிர்ந்து நடக்க முடிகிற நாளில்தான் சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்ல முடியும்.