கிறிஸ்தவ தர்மமும் பாத்திரத் தகுதியும்

இரந்து நிற்பவனுடைய நடத்தையை விசாரித்த பின்னரே தானம் செய்ய வேண்டுமா என்னும் பிரச்சினை, கிறிஸ்தவ சமயத்தில் ஆதி நூற்றாண்டுகள் முதலே விவாதத்துக்கு உரியதாயிருந்து வந்துள்ளது. உழைக்க மனமில்லாதவன் உண்ணலாகாது என்ற பவுலின் கட்டளையை ஒரு சாராரும், கேட்போருக்கெல்லாம் கொடுக்கச் சொன்ன இயேசுவின் போதனையை மறுசாராரும் ஆதாரமாகக் கொண்டனர்.

அந்தியோகியாவில் குருவாயிருந்து, 398இல் கான்ஸ்டான்டிநோபிளின் ஆயரான ஜான் கிறிசோஸ்தம், செல்வனின் வாசலில் புண்களோடு கிடந்த லாசருவின் உவமையை விரித்து ஆற்றிய பிரசங்கங்களில் அளித்த விடையே மிகத் தெளிவானது: வழிப்போக்கர் யாரெனவும் வினவாமல் ஆபிரகாம் விருந்தளித்ததைச் சுட்டி, கலமுடைந்து கரை சேர்வோரை நல்லவர் தீயவர் என்று பிரிக்காமல் ஏற்கும் துறைமுகம் போல ஈவோன் இருத்தல் வேண்டுமென்றும், ஏழைக்கு அவனது வறுமையே போதிய தகுதியென்றும் அவர் வற்புறுத்தினார். மிலான் ஆயர் அம்புரோஸ், வஞ்சகர் கைப்பற்றும் பொருள் மெய்யான எளியோருக்குக் கிட்டாமற் போகுமென்று அஞ்சி, விவேகத்தோடு ஈயுமாறு கூறியதும் கருதத்தக்கதே.

பிற்காலத்து இங்கிலாந்தில் இந்த விவேகம் கொடுமையாகத் திரிந்தது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின்கீழ் உதவி நாடி வேலை இல்லம் புகுந்த கணவனும் மனைவியும் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டனர். 1869இல் லண்டனில் தோன்றிய தரும ஒழுங்கமைப்புச் சங்கமோ, விண்ணப்பித்தோரின் இல்லங்களுக்கு ஆட்களை அனுப்பி ஒழுக்கத்தை ஆராய்ந்தது. இம்முறைகளைக் காட்டிலும் கிறிசோஸ்தமின் கொள்கையே சுவிசேஷத்துக்கு நெருங்கியது.