நுழைவுத் தேர்வும் மலைநாட்டு மாணாக்கரும்

கூடலூர் வட்டத்து ஸ்ரீமதுரை போன்றதொரு மலைக்கிராமத்தில் அரசாங்கப் பள்ளியிலே பயிலும் மாணாக்கன், பட்டணத்துப் பயிற்சி நிலையங்களுக்குத் திரவியம் செலுத்தவோ அங்கே சென்று தங்கவோ சக்தியற்றவனாய், நுழைவுத் தேர்வில் சொற்ப மதிப்பெண்ணே பெறுவானாயின், அது கொண்டே அவனை வைத்தியக் கல்விக்கு அருகதையற்றவன் என்று தள்ளுதல் தர்மமாகுமா என்னும் வினாவுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. 1984-இல் தொழிற்கல்விக்கு ஏற்பட்ட பொது நுழைவுத் தேர்வு, கிராமத்தாருக்குப் பாதகமானது என்ற வாதம் வலுத்து, 2007-இல் நீங்கிற்று. 2017-இல் வைத்தியக் கல்விக்கு 'நீட்' என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு அமலுக்கு வரவே, பழைய இடர் மீண்டும் வந்து சேர்ந்தது.

இதற்குப் பரிகாரமாக, நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை அநுசரித்து 2020-இல் பிறந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்று நீட்டில் தகுதி பெற்றோருக்கு 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கியது. அவர்கள் தமக்குள்ளேயே போட்டியிடுவதால், பொதுப் பட்டியலில் எட்டாத மதிப்பெண்ணுக்கும் கல்லூரியின் கதவு திறந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சமமற்ற பள்ளிகளில் பயின்றோரை ஒரே துலாக்கோலில் நிறுத்த முற்பட்ட காலத்தில் இதனினும் நியாயமான ஏற்பாடு நம் நாட்டில் வேறில்லை என்பது என் துணிபு.

மேலும், 2022 ஜனவரியில் மலைநாட்டு உதகையிலேயே 150 இடங்கள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆகையால் மலைநாட்டு ஆசிரியர்கள் இந்த 7.5 சதவிகித ஒதுக்கீட்டு உரிமையை ஒவ்வொரு பெற்றோருக்கும் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.