உயரம் வேறு, நெருக்கம் வேறு

அமெரிக்க நகரங்களை ஒப்பிடுகிறவர்கள் வானுயர் கட்டடங்களைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நகரம் வளர்ந்த கதையைச் சொல்லாது. எஃகுச் சட்டகமும் லிஃப்டும் எல்லா நகரங்களுக்கும் ஒரே காலத்தில்தான் வந்தன. ஆனாலும் நகர மையங்கள் ஒரே அளவில் வளரவில்லை. காலையில் எத்தனை பேரை ஓரிடத்தில் கொண்டுவந்து இறக்க முடிந்தது, சட்டம் எவ்வளவு உயரத்துக்கு இடம் கொடுத்தது என்ற இரண்டும்தான் அதை முடிவு செய்தன என்பது என் வாதம்.

சிகாகோவில் 1885-இல் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் உலோகச் சட்டகத்தை நம்பி எழுந்தது. 1891-இல் முடிந்த மொனாட்னாக் கட்டடத்தின் வடபாதியோ பழைய முறைப்படி செங்கற்சுவரையே நம்பி 16 மாடி ஏறியது. அந்தப் பாரத்தைத் தாங்க அடிச்சுவர் ஆறடி கனம் வேண்டியிருந்தது. 1897-இல் உயர்த்தப்பட்ட ரயில்பாதை நகர மையத்தைச் சுற்றி ஒரு வளையமாக மூடியது. புறநகர்க் கூட்டமெல்லாம் அந்த வளையத்தில் வந்து இறங்க, வங்கியும் பெருங்கடைகளும் அலுவலகங்களும் அதை ஒட்டியே நெருங்கின. நியூயார்க்கில் 1904-இல் சுரங்க ரயில், 1910-இல் பென் நிலையம், 1913-இல் கிராண்ட் சென்ட்ரல். 1915-இல் ஈக்விட்டபிள் கட்டடம் 38 மாடிக்கு எங்கும் உள்வாங்காமல் நேர்குத்தாக எழுந்து, பக்கத்துத் தெருக்களின் வெயிலை மறைத்தது. மறு ஆண்டே வந்த சட்டம், மேலே போகப்போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்றது. ஆனால் மனையின் கால்பங்கில் எவ்வளவு உயரமும் போகலாம் என்று விட்டுவைத்தது. அந்த இடைவெளியில்தான் எம்பயர் ஸ்டேட் முளைத்தது. வாஷிங்டன் நேர்மாறு. 1910-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே கட்டட உயரத்தைத் தெருவின் அகலத்தோடு பிணைத்தது. அலுவலகங்கள் உயர முடியாமல் பக்கவாட்டில் பரவின. உயரமான கோபுரம் இல்லாமலேயே அது நாட்டின் பெரிய அலுவலக மையங்களில் ஒன்றானது.

மன்ஹாட்டனில் கோபுரங்கள் இரண்டு இடங்களில் குவிந்ததற்கு அடியிலுள்ள பாறையே காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். பொருளியலாளர் ஜேசன் பார் பழைய தரவுகளை ஆராய்ந்து அதை மறுத்தார்: தேவை இருந்த இடத்தில் பாறை ஆழத்தில் இருந்தாலும் கட்டினார்கள். என் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பாகத் தோன்றுவது லாஸ் ஏஞ்சலஸ். பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு அங்கே ஆயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் இருந்தது. இருந்தும் ஏன் நியூயார்க்கைப் போல மையம் குவியவில்லை? சட்டம் 150 அடியில் நிறுத்தியது ஒரு காரணம். 1928-இல் நகர மன்றக் கட்டடத்துக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. கார் இன்னொரு காரணம். தண்டவாளங்கள் தெருவோடு கலந்து ஓடியதால் கார்களின் நெரிசலில் ரயிலும் சிக்கியது. 1920-இல் மையத்தில் கார் நிறுத்தத் தடை போட்டார்கள். வியாபாரிகளின் எதிர்ப்பில் சில வாரங்களிலேயே தளர்த்தினார்கள். 1929-இல் புல்லக்ஸ் கடை வில்ஷயர் சாலைக்குக் கிளை பரப்பியபோது, பிரதான வாசலையே பின்புறத்துக் கார் நிறுத்தத்தை நோக்கி வைத்தது.

அதற்காக லாஸ் ஏஞ்சலஸை அடர்த்தியற்ற ஊர் என்பது தவறு. 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் நகர்ப்புறப் பகுதி முழுவதிலும் சதுர மைலுக்குச் சுமார் 7,000 பேர். நியூயார்க் நகர்ப்புறப் பகுதியில் 5,300 பேர்தான். நியூயார்க்கில் நெருக்கம் நடுவில் குவிந்து விளிம்பில் மெலிகிறது. லாஸ் ஏஞ்சலஸில் எங்கும் ஏறக்குறைய சமமாகப் பரந்திருக்கிறது. அப்படிப் பரந்து வாழும் மக்களை மையத்துக்குக் கொண்டுவர அந்நகரின் மெட்ரோ சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது 1993-இல், நியூயார்க்குக்கு 89 ஆண்டுகள் கழித்து.